தூங்க வைக்க அல்ல இந்தக் கூடு

குழந்தை பார்க்கப் போகிறவர்கள் முன்பெல்லாம் சோப்பும் பவுடரும் அடுக்கிய பரிசுப் பெட்டியோ, வெள்ளிக் கொலுசோ, கிலுகிலுப்பையோ வாங்கிப் போனார்கள். இப்போது அந்த வரிசையில் பேபி நெஸ்ட்டும் சேர்ந்துவிட்டது. படகு வடிவத்தில் ஒரு சின்ன மெத்தை. சுற்றிலும் கை மொத்தத்துக்குப் பஞ்சு அடைத்த உருளை. கால்மாட்டில் இறுக்கவும் தளர்த்தவும் ஒரு நாடா. தூக்கிப் போக இரண்டு கைப்பிடி. சில நூறு ரூபாயில் ஆரம்பித்துச் சில ஆயிரம் வரை விலை போகிறது. குட்டித் தலையணையும், பக்கத்துக்கு வைக்க இரண்டு திண்டும், கொசுவலைக் குடையும் சேர்ந்தே வருகிற வகையும் உண்டு. கடைவீதிக்குப் போக நேரமில்லாதவர்களுக்கு இணையத்தில் இருக்கவே இருக்கிறது.

விளம்பரப் படங்களில் பெரும்பாலும் குழந்தை அதில் கண்மூடித் தூங்கிக்கொண்டிருக்கும். என் ஆட்சேபம் அங்கேதான். இதை வாங்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. விழித்திருக்கும் குழந்தையைக் கண்ணெதிரே தரையில் கொஞ்ச நேரம் கிடத்தி, அம்மா ஒரு வாய் சாப்பிட்டுக்கொள்ள இது உதவும். தூங்க வைக்க உதவாது. இரவுக்கும் ஆகாது, பகலுக்கும் ஆகாது, ‘பத்து நிமிஷம்தானே’ என்பதற்கும் ஆகாது. மெத்தென்று இருப்பதும் அணைத்தாற்போல் இருப்பதும்தான் இந்தப் பொருளின் கவர்ச்சி. ஆபத்தும் அதே இரண்டில்தான் இருக்கிறது.

பிறந்த குழந்தையின் உடம்பைக் கவனித்தால் காரணம் விளங்கும். உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது. பின்மண்டை சற்றுப் புடைத்திருக்கும். கழுத்துக்கு வலு இல்லை. தலை நிற்க மூன்று நான்கு மாதமாகிறது. மூச்சுக்குழாய் மெல்லியது, சுலபமாக மடங்கிப்போகக் கூடியது. இப்படிப்பட்ட உடம்பு குழிவான மெத்தையில் இறங்கிக் கிடந்தாலோ, தலைப்பக்கம் உயர்ந்திருந்தாலோ முகவாய் மார்பில் போய் முட்டும், காற்றுப் பாதை ஒடுங்கும். நமக்கு இப்படி நேர்ந்தால் ஒரு குறட்டை விட்டுப் புரண்டு படுத்துவிடுவோம். குழந்தைக்குப் புரளத் தெரியாது. அழவும் முடியாது, அழுகைக்கே காற்று வேண்டும். பக்கத்து அறைக்குக் கேட்கும்படி ஒரு முனகல்கூட இல்லாமல் எல்லாம் முடிந்துவிடக்கூடும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. குழந்தை தலையைத் திருப்புகிறது, மூக்கும் வாயும் பஞ்சுச் சுவரில் அழுந்துகின்றன. துணிக்குள் காற்று போய்வருவது போலத்தான் தோன்றும். உண்மையில் குழந்தை தான் வெளியே விட்ட காற்றையே திரும்ப உள்ளிழுக்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் குறைகிறது, கார்பன் டை ஆக்ஸைடு கூடுகிறது. வளர்ந்த உடம்பு இதை உணர்ந்து திடுக்கிட்டு விழித்துக்கொள்ளும். சில பச்சிளங்குழந்தைகளிடம் அந்த விழிப்பு மந்தமாக இருக்கிறது. தூக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்களில் பெரும்பகுதி முதல் ஆறு மாதத்துக்குள் நிகழ்கிறது. இரண்டிலிருந்து நான்கு மாதம் வரை உச்சம். பேபி நெஸ்ட் விற்கப்படுவதும் அதே வயதுக்குத்தான். போதாக்குறைக்கு, நம் ஊர் வெக்கையில் மூன்று பக்கமும் பஞ்சு சூழ்ந்தால் உடம்புச் சூடு வெளியேறாது. சூடு மிகுவதும் அறியப்பட்ட ஆபத்துக் காரணிதான். அதற்கு மேல் குல்லா ஒன்று, போர்வை ஒன்று.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி இல்லை. பாலிஸ்டைரீன் மணிகள் நிரப்பிய குழந்தை மெத்தைகளில் குப்புறக் கிடந்து இறந்த 25 குழந்தைகளின் மரணங்களை ஆராய்ந்து, அமெரிக்க மருத்துவர்கள் ஜேம்ஸ் கெம்ப்பும் பிராட்லி தாக்கும் 1991-இல் கட்டுரை வெளியிட்டார்கள். முகத்தின் வடிவத்துக்கு ஏற்பக் குழைந்து கொடுக்கும் மெத்தை குழந்தையின் மூச்சுக்கு எமன் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. மறு ஆண்டே அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அந்த வகை மெத்தைகளுக்குத் தடை விதித்தது. ஆனால் தடை அந்த வகைக்கு மட்டும். அதே மென்மை வேறு உருவத்தில் வந்தபோது யாரும் தடுக்கவில்லை.

2009-இல் ஃபிஷர்-பிரைஸ் நிறுவனம் ‘ராக் அண்ட் ப்ளே’ என்ற சாய்வுப் படுக்கையை விற்கத் தொடங்கியது. சுமார் 30 டிகிரி சாய்வு. அழுகிற குழந்தையும் அதில் போட்டால் தூங்கிவிடும் என்று பெற்றோர்கள் கொண்டாடினார்கள். 2019 ஏப்ரலில் ஏறக்குறைய 47 லட்சம் படுக்கைகளையும் நிறுவனம் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அப்போது தெரியவந்திருந்த மரணங்கள் முப்பதுக்கு மேல். 2023 ஜனவரியில் அறிவிப்பை மறுபடி வெளியிட்டபோது அந்த எண்ணிக்கை சுமார் 100 ஆகியிருந்தது. அவற்றில் குறைந்தது எட்டு, முதல் அறிவிப்புக்குப் பிறகு நேர்ந்தவை. படுக்கை யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் இருந்திருக்கிறது, தங்கை குழந்தைக்குக் கை மாறியிருக்கிறது.

ஆணையம் கேட்டுக்கொண்டதன் பேரில் எரின் மேனன் என்ற பொறியாளர் இந்தச் சாய்வுப் படுக்கைகளைச் சோதித்தார். உண்மைக் குழந்தைகளைக் கிடத்தி, தசைகள் எப்படி வேலை செய்கின்றன என்று அளந்தார். சாய்வான படுக்கையில் குழந்தை சமதளத்தைவிட எளிதாகப் புரண்டுவிடக்கூடும், புரண்டபின் தலையைத் தூக்கி மூச்சுவிட அதிகம் பாடுபட வேண்டும், சீக்கிரம் களைத்துப்போகும். 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த எதுவும் தூங்குவதற்குப் பாதுகாப்பானது அல்ல என்பது அவருடைய முடிவு. 2022 மே மாதம் அமெரிக்காவில் சட்டமாகவே அது வந்தது.

பேபி நெஸ்ட்டுக்கு இன்னும் நெருங்கிய கதை பாப்பி நிறுவனத்தின் ‘நியூபார்ன் லவுஞ்சர்’. உருண்டையான, நடுவில் குழிந்த மெத்தைத் திண்டு அது. 2015 டிசம்பருக்கும் 2020 ஜூனுக்கும் இடையில் எட்டுக் குழந்தைகள் அதில் இறந்ததாகத் தகவல் வந்தபின், 2021 செப்டம்பரில் சுமார் 33 லட்சம் திண்டுகள் திரும்பப் பெறப்பட்டன. நாம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்தத் திண்டு தூங்குவதற்கென்று விற்கப்படவே இல்லை. ‘விழித்திருக்கும்போது மட்டும், பெரியவர் மேற்பார்வையில்’ என்ற எச்சரிக்கை அதற்கு இருந்தது. இருந்தும் பிள்ளைகள் அதில் தூங்கினார்கள். ராத்திரி மூன்று மணிக்கு, நான்காவது முறையாக எழுந்து பால் கொடுத்த அம்மா, குழந்தை அயர்ந்த இடத்திலேயே விட்டுவிடுவாள். அவளைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை. குழந்தை இந்தப் பொருளில் தூங்கிவிடும் என்பது தயாரிப்பவருக்கும் தெரியும், விற்பவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே ஓர் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி அச்சிட்டுவிட்டால் பொறுப்புத் தீர்ந்துவிடாது.

அமெரிக்க ஆணையத்துக்கும் அது உறைத்தது, ஆனால் தாமதமாகத்தான். இந்த வகைத் திண்டுகளோடு தொடர்புடையதாக 2010 முதல் 2022 வரை குறைந்தது 79 சிசு மரணங்கள் அதன் கவனத்துக்கு வந்தன. திண்டு எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும், சாய்வு எவ்வளவு இருக்கலாம், எச்சரிக்கை எப்படிக் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்று 2024-இல் விதி வகுத்து, 2025 மே மாதம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1991-இல் தெரிந்த உண்மைக்கு 2025-இல் விதி. எண்ணிப் பார்க்கிற நாட்டிலேயே இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

நாம் எண்ணுவதே இல்லை. தூக்கத்தில் ஒரு கைக்குழந்தை இறந்துபோனால் நம் வீடுகளில் வரும் முதல் விளக்கம் ‘பால் புரையேறிடுச்சு’ என்பது. உடற்கூறாய்வுக்குப் பெரும்பாலும் யாரும் சம்மதிப்பதில்லை; அந்தத் துக்கத்தில் அதைக் கேட்கவும் எவருக்கும் மனம் வராது. குழந்தை எதில் கிடந்தது, எப்படிக் கிடந்தது, முகத்தருகே என்ன இருந்தது என்று குறித்துவைக்க ஆளில்லை. அதனால் இங்கே எந்தப் படுக்கை மீதும் பழி விழாது. பழி விழாததாலேயே அது பாதுகாப்பானது என்று ஆகிவிடுமா?

புரையேறும் என்ற பயத்தைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். பேபி நெஸ்ட்டை வீட்டுப் பெரியவர்கள் ஏற்றுக்கொள்வதற்கு முக்கியக் காரணமே அதுதான். “அம்மாடி, மல்லாக்கப் போட்டா கக்கினது மூக்குல ஏறிடும்டி, தலைய ஒசத்தி ஒருக்களிச்சாப்ல வை” என்று சொல்லாத பாட்டி உண்டா? இதை நாட்டுப்புற நம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. உலகமெங்கும் பெற்றோர்களுக்கு வேதமாக இருந்த டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக்கின் புத்தகமே 1950-களின் பிற்பகுதியில் இதே காரணத்தைச் சொல்லிக் குழந்தைகளைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னது. பல நாடுகள் அதைப் பின்பற்றின. விலை பெரிதாக இருந்தது. நியூசிலாந்திலும் பிரிட்டனிலும் நடந்த ஆய்வுகள் குப்புறப் படுப்பதே திடீர் மரணத்தின் பெரிய காரணி என்று காட்டியபின், 1991-இல் பிரிட்டனில் மல்லாக்கப் படுக்க வைக்கும் பிரசாரம் தொடங்கியது. அதே ஆண்டு தன் மகனைப் பறிகொடுத்திருந்த தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஆன் டயமண்ட் அதற்கு முகமாக நின்றார். 1994-இல் அமெரிக்காவும் அந்த வழிக்கு வந்தது. திடீர்ச் சிசு மரண விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. புரையேறி இறந்த குழந்தைகள் கூடவில்லை.

உடம்பின் அமைப்பே அதற்குக் காரணம். குழந்தை மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலே இருக்கிறது, உணவுக்குழாய் அதற்குக் கீழே. கக்கிய பால் மேலே இருக்கும் மூச்சுக்குழாய்க்குள் ஏற வேண்டுமானால் ஈர்ப்பு விசையை மீற வேண்டும். பெரும்பாலும் அது கீழேயே வழிந்து திரும்ப விழுங்கப்பட்டுவிடும். குப்புறப் போட்டால் இந்த அமைப்பு தலைகீழாகிறது. பால் கொடுத்ததும் தோளில் சாய்த்து முதுகைத் தடவி ஏப்பம் விடவைக்கிற நம் வழக்கம் அப்படியே தொடரட்டும். அதன்பின் சமதளத்தில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். குறைப்பிரசவக் குழந்தை, கடுமையான எதுக்களிப்பு உள்ள குழந்தை என்றால் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், நெஸ்ட் விற்பவர் சொல்வதை அல்ல.

இரண்டாவது ஆசை, தலை உருண்டையாக வர வேண்டும் என்பது. அதற்காக நடுவில் பள்ளம் வைத்த தலையணை, கடுகுத் தலையணை எல்லாம் நெஸ்ட்டுக்குள் வைக்கப்படுகின்றன. ஒரு வயதுக்கு முன் குழந்தைக்குத் தலையணையே தேவையில்லை. ஒரே பக்கம் படுத்துத் தலை சப்பையாவதைத் தவிர்க்க, விழித்திருக்கும்போது ஆள் பார்த்துக்கொண்டிருக்கத் தினமும் பல தடவை கொஞ்ச நேரம் குப்புறக் கிடத்தி விளையாட்டுக் காட்டினாலே போதும். கழுத்துக்கும் பலம் வரும்.

எனக்கு வேடிக்கையாகத் தோன்றும் விஷயம் ஒன்று. கெட்டியான, சமதளமான, சுற்றிலும் ஒன்றுமில்லாத படுக்கைதான் வேண்டும் என்று இன்றைக்குக் குழந்தை மருத்துவர்கள் கேட்கிறார்கள். தரையில் விரித்த கோரைப்பாயும் அதன்மேல் மடித்துப் போட்ட ஒரு பருத்தித் துணியும் அந்தக் கேள்விக்கு மிக நெருங்கிய பதில். நாம் அதைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு நெஸ்ட் வாங்கப் போகிறோம். ஆனால் பழையது என்பதற்காக எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்க முடியாது. தூளியும் பழையதுதான். சேலைத் தூளி பச்சிளங்குழந்தையின் உடம்பை வில்லாக வளைத்து முகவாயை மார்போடு சேர்த்துவிடும்; பேபி நெஸ்ட்டில் உள்ள குறை இதில் இன்னும் கூடுதல். ஓடியாடும் பிள்ளைகள் தூளிச் சேலையை முறுக்கி விளையாடிக் கழுத்து இறுகிய செய்திகளையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். தாலாட்டிச் சமாதானம் செய்யத் தூளியைப் பயன்படுத்துகிற வீட்டில், ஆள் அருகிலேயே இருக்கட்டும். கண் அயர்ந்ததும் பாய்க்கு மாற்றிவிட வேண்டும்.

தூக்கிச் செல்லும் படுக்கை என்ற யோசனையே தவறு என்று சொல்ல முடியாது. அதைச் சரியாகச் செய்து காட்டிய ஊர் இருக்கிறது. நியூசிலாந்தின் மாவோரி மக்களிடையே தாயும் சேயும் ஒரே படுக்கையில் தூங்குவது வழக்கம். கர்ப்ப காலத்தில் புகைக்கும் பழக்கமும் அங்கே அதிகம். இரண்டும் சேர்ந்து அவர்களுடைய குழந்தைகளிடையே மரண விகிதம் உயர்ந்திருந்தது. ‘பக்கத்தில் போட்டுக்கொள்ளாதே’ என்ற அறிவுரை எடுபடவில்லை. டேவிட் டிப்பெனே-லீச் என்ற மாவோரி மருத்துவரும் கூடை முடைகிறவர்களும் சேர்ந்து 2006-இல் ‘வஹாகுரா’ என்ற கூடையை உருவாக்கினார்கள். ஹராகெகே என்ற செடியின் இலையால் முடைந்தது. அடி தட்டை. உள்ளே மெல்லிய, கெட்டியான மெத்தை. பக்கச் சுவர் பஞ்சு இல்லை, விறைப்பான முடைச்சல். காற்று புகும், அழுத்தினால் முகத்தில் குழையாது, பெரியவர் கை மேலே விழுந்தாலும் தடுக்கும். தாயின் படுக்கையிலேயே அதை வைத்துக்கொள்ளலாம். 2011-இல் கிறைஸ்ட்சர்ச் பூகம்பத்தில் வீடிழந்தவர்களுக்காகப் பிளாஸ்டிக் பெட்டியில் அதே யோசனையைச் செய்து ‘பெப்பி-பாட்’ என்று கொடுத்தார்கள். வஹாகுராவில் தூங்கிய குழந்தைகளையும் சாதாரணத் தொட்டிலில் தூங்கிய குழந்தைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2017-இல் வெளிவந்தது. கூடையால் கூடுதல் ஆபத்து எதுவும் தெரியவில்லை. ஆறாம் மாதத்தில் தாய்ப்பாலூட்டல் அந்தப் பிரிவில் அதிகமாக இருந்தது. மூங்கில் முடைகிற, பனையோலை பின்னுகிற கைகள் நம் ஊரிலும் இருக்கின்றன. இப்படி ஒரு கேள்வியை அவர்களிடம் கொண்டுபோனவர்கள்தான் இல்லை.

சரி, பேபி நெஸ்ட் ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டது, அத்தை ஆசையாக வாங்கிக் கொடுத்தது, தூக்கிப் போட மனமில்லை. எப்படிப் பயன்படுத்துவது?

முதலில் கூடவே வந்த தலையணையையும் திண்டுகளையும் எடுத்துத் தனியே வையுங்கள். தொங்குகிற குஞ்சம், பொத்தான், பஞ்சுப் பந்து எது இருந்தாலும் வெட்டிவிடுங்கள். கால்மாட்டு நாடா நீளமாகத் தொங்கினால் முடிந்து வெளிப்பக்கமாகச் செருகுங்கள். சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையை அன்றே குப்பையில் போட வேண்டும். நெஸ்ட்டின் இடம் தரை. கட்டிலோ சோபாவோ டைனிங் டேபிளோ வாஷிங் மெஷின் மேலோ வைக்கக் கூடாது. குழந்தை காலை உதைக்கும் வேகத்தில் நெஸ்ட் நகரும், விளிம்புக்கு வந்ததை நாம் கவனித்திருக்க மாட்டோம். மின்விசிறிக்கு நேர் கீழே, ஜன்னல் திரை தொங்குமிடத்தில் வைக்க வேண்டாம். அண்ணன்காரனுக்கு மூன்று வயதென்றால் அவனும் ஏறிப் படுக்கப் பார்ப்பான். அவன்மேலும் ஒரு கண் வேண்டும்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே கட்டிலில் நெஸ்ட்டைப் போட்டு, அதுவே பாதுகாப்பு என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். கட்டில் மெத்தை அமுங்கினால் நெஸ்ட் சாயும். போர்வை நழுவி உள்ளே விழும். பஞ்சு உருளை பெரியவர் உடம்பின் பாரத்தைத் தாங்காது, குழந்தையின் பக்கமாக அழுந்தும். வஹாகுரா செய்கிற வேலையை இது செய்யும் என்று நம்பக் காரணமே இல்லை.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போன பெண் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கணவன் வீட்டுக்குத் திரும்புகிறாள். நெஸ்ட் அப்போதுதான் பயணத்துக்குக் கிளம்புகிறது. கைப்பிடிகள் காலி நெஸ்ட்டைத் தூக்கத்தான். குழந்தையை உள்ளே வைத்துத் தூக்கினால் நடு மடங்கி முகவாய் மார்பில் இடிக்கும், ஒரு பக்கத் தையல் விட்டால் கேட்கவே வேண்டாம். கார் இருக்கையில் நெஸ்ட்டை வைத்துக் குழந்தையைப் போடுவது மடியில் வைத்துக்கொண்டு போவதைவிட எந்த விதத்திலும் மேலானதல்ல. பிரேக் அடித்தால் அது பறக்கும். காருக்கு உரியது பின்னோக்கிப் பொருத்திய குழந்தை இருக்கைதான். ரயிலில் கீழ் பெர்த்தில் சுவரோரமாக நெஸ்ட்டை விரித்து அம்மா விளிம்பில் ஒண்டிக்கொண்டு படுப்பதைப் பார்த்திருக்கிறேன். பெர்த் குறுகலானது, வண்டி குலுங்கும், சுவருக்கும் பஞ்சு உருளைக்கும் இடையே முகம் புதையலாம். நெஸ்ட்டைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, குழந்தையைத் தட்டையாகப் படுக்க வைத்து வீட்டார் முறை வைத்து விழித்திருப்பது சிரமம்தான், ஆனாலும் நல்லது.

குழந்தை அதில் தூங்கிவிட்டால்? எடுத்து மாற்றுங்கள், விழித்துக்கொண்டாலும் சரி. தூங்குகிற குழந்தையை எழுப்பாதே என்ற வீட்டுச் சட்டத்தை இந்த ஒரு விஷயத்தில் மீறலாம். ஒருக்களிக்கவோ குப்புற விழவோ எத்தனிக்கும் முதல் நாளோடு நெஸ்ட்டின் உபயோகம் முடிந்தது. சில பிள்ளைகள் நான்காம் மாதத்துக்கு முன்பே அதற்குத் தயாராகிவிடும்.

பராமரிப்பைப் பொறுத்தவரை நம் வீடுகளுக்கென்று சில தொல்லைகள் இருக்கின்றன. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய குழந்தையைக் கிடத்திக் கிடத்தி, தலைமாட்டில் மஞ்சளாக ஒரு வட்டம் விழுந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கில் தூசியும் பாலும் சேர்ந்து புளித்த வாடை வரும். மேலுறையைக் கழற்றித் துவைக்க முடிகிற வகையையே வாங்குங்கள். வெந்நீரில் அலசி, சோப்பு போக இரண்டு மூன்று தண்ணீர் விட்டு, வெயிலில் உலர்த்துங்கள். சிறுநீர் உள்பஞ்சு வரை இறங்கிவிட்டால் மேலே துடைத்துவிட்டுத் திருப்பிப் போடுகிற வேலை ஆகாது. உள்ளே ஈரம் நிற்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் பூஞ்சை பிடிக்கும். கையால் அழுத்தும்போது சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். துவைக்கத் துவைக்கப் பஞ்சு ஓரிடத்தில் திரண்டு இன்னோரிடத்தில் பள்ளமாகும். அப்படி ஆகிவிட்டால் அதற்கு விடை கொடுத்துவிடலாம். சாம்பிராணிப் புகையை நெஸ்ட்டுக்குள் பிடித்து மூடிவைக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. புகை துணியில் தங்கி, குழந்தையின் மூச்சில்தான் போகும்.

இவற்றைவிட முக்கியமானது பாச்சை உருண்டை. அடுத்த பிள்ளைக்கு ஆகும் என்று நெஸ்ட்டையும் குழந்தைத் துணிகளையும் பெட்டியில் போட்டு நாலு உருண்டை உருட்டிவிடுவோம். அதிலுள்ள நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு விஷம். துணியில் ஏறிய வாசனையைச் சுவாசித்தும், தோல் வழியாகவும் அது உடம்பில் ஏறி ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், மஞ்சள் காமாலை கடுமையாகும். பிறந்த குழந்தைக்கு அந்தக் குறை இருப்பது வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. எடுத்துவைப்பதாக இருந்தால் நன்றாகக் காயவைத்து, துணிப் பையில் கட்டி, உருண்டை இல்லாமல் வையுங்கள்.

ஒரு படுக்கை போதுமான அளவு கெட்டியா என்று வீட்டிலேயே பார்க்க ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை சொல்லித் தருகிறார்கள். மெத்தையைச் சமமாகப் போட்டு, குழந்தையின் தலை வரும் இடத்தில் பன்னிரண்டு சிடிக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். அதன்மேல் ஒரு லிட்டர் பால் அட்டைப்பெட்டி இரண்டைப் படுக்கை வாட்டில், ஒன்றன்மேல் ஒன்றாக, கீழ்ப்பெட்டியின் விளிம்பு அடுக்கைத் தாண்டி நான்கு சென்டிமீட்டர் நீளும்படி வையுங்கள். நீண்டிருக்கும் விளிம்பு மெத்தையைத் தொட்டுவிட்டால் அது மிகவும் மெத்தென்று இருக்கிறது என்று பொருள். நம் பாக்கெட் பால் இதற்கு ஆகாது, அட்டைப்பெட்டிப் பால்தான் வேண்டும். சிடியும் இப்போது எத்தனை வீட்டில் இருக்குமோ. ஆனால் ஒரு தடவை இப்படி வைத்துப் பார்த்தால் கடையில் விரல் வைத்து அழுத்தி ‘ஆகா, எவ்வளவு சாஃப்ட்’ என்று சொல்ல வாய் வராது.

வீட்டார் செய்ய வேண்டியது இவ்வளவு. அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். குழந்தை கையில் வைத்து ஆட்டுகிற கிலுகிலுப்பைக்குத் தரச்சான்று வேண்டும், குழந்தை முகம் புதைத்துக் கிடக்கும் மெத்தைக்கு வேண்டாமா? கெட்டித்தன்மை, பக்கச் சுவரின் வடிவம், நாடாவின் நீளம் ஆகியவற்றுக்கு அளவு வைத்து இந்தியத் தர நிர்ணய அமைவனம் விதி எழுதலாம்; புதிதாக ஆராய ஒன்றுமில்லை, பிற நாடுகளின் அனுபவம் கையிலிருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஆபத்தான பொருள்களைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குக் கொடுத்திருக்கிறது. தரச்சான்று இல்லாத பிரஷர் குக்கர்களை விற்றதற்காக 2022-இல் மின்வணிகத் தளங்கள் மீது அந்த ஆணையம் நடவடிக்கை எடுத்தது. தூங்கும் குழந்தையின் படத்தைப் போட்டு நெஸ்ட் விற்கும் பக்கங்களையும் அதே கண்ணால் பார்க்கலாம். அந்தப் படத்தை எடுக்கச் சொல்ல நிபுணர் குழுகூடத் தேவையில்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் தனியாகவும் ஒரு பொறுப்பு இருக்கிறது. 2015-இல் தொடங்கிய அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தின் 16 பொருள்களில் குழந்தைப் படுக்கையும் வலையும் இருந்தன. குழந்தை எதில் தூங்க வேண்டும் என்பதில் அரசு ஏற்கெனவே கை வைத்த விஷயம்தான் இது. படுக்கை கொடுக்கிற கை, எப்படிப் படுக்க வைப்பது என்ற படத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம். தாய் சேய் நல அட்டையில் தடுப்பூசிப் பக்கத்துக்கு எதிரே அரைப் பக்கம் போதும். டிஸ்சார்ஜ் அன்று வார்டு நர்ஸ் மருந்துச் சீட்டை விளக்கும்போதே, முடிந்தால் பாட்டியையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, இதையும் சொல்லிவிடலாம். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும் முதல் வாரத்தில், எடை பார்ப்பதற்கு முன், குழந்தை தூங்குகிற இடத்தைக் காட்டச் சொல்லட்டும்.